கார் ஹெட்லைட்டுக்குள் ஈரம்: எது சாதாரணம், எப்போது சண்டை போட வேண்டும்?

ராத்திரி முழுக்க மழை. காலையில் ஆபீஸ் கிளம்ப பார்க்கிங்குக்கு வருகிறீர்கள். காரின் இடது ஹெட்லைட்டில் மட்டும், யாரோ வாயால் ஊதிவிட்டுப் போன மாதிரி ஒரு வெள்ளை மங்கல். கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தால் போகவில்லை. ஈரம் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது.

போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், அரை மணி நேரத்தில் ஐந்து வைத்தியம் வந்துவிடும். ஒருவர் சிலிக்கா ஜெல் போடச் சொல்வார். இன்னொருவர் அடியில் ஓட்டை போடச் சொல்வார். சர்வீஸ் சென்டரில் கேட்டால், "இது நார்மல்தான் சார், தானா போயிடும்" என்பார்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே கவுன்டரில் போய் நின்றால், "அசெம்பிளியையே மாத்தணும் சார்" என்ற பதிலும் கிடைக்கலாம்.

இந்த இரண்டு பதில்களுமே சில கார்களுக்கு உண்மை. உங்கள் காருக்கு எது உண்மை என்பதை நீங்களே கண்டுபிடிக்க முடியும். அதற்குப் பள்ளிக்கூட இயற்பியலும் ஒரு சின்ன கணக்கும் போதும். மும்பை, புனே, பெங்களூருவில் மழைக்காலத்திலும், டெல்லி, குருகிராம், நொய்டா பக்கம் டிசம்பர், ஜனவரி மாதங்களிலும் இந்தத் தொந்தரவு அதிகம். நீங்கள் எந்த ஊரில் வேலை பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

ஹெட்லைட் மங்கலாகத் தெரிய மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வெளியே படியும் பனி. விரலால் தேய்த்தால் போய்விடும். இரண்டாவது, பழைய கார்களில் வரும் மஞ்சள் நிறம். இப்போதைய ஹெட்லைட் லென்ஸ் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதன் மேல் இருக்கும் பாதுகாப்புப் பூச்சு வெயிலின் புற ஊதாக் கதிரில் கெட்டுப்போகும்போது லென்ஸ் மஞ்சளாகவும் சொரசொரப்பாகவும் மாறும். அதற்கு பாலிஷ்தான் வழி. மூன்றாவது, உள்பக்கம் படியும் ஈரம். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவதைப் பற்றி.

ஹெட்லைட் மூச்சு விடும்

ஹெட்லைட் காற்றே புகாத பெட்டி என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இருந்தால் அது சீக்கிரம் கெட்டுவிடும். விளக்கு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. 30 டிகிரி செல்சியஸில் இருந்து 60 டிகிரிக்குப் போனால், காற்றின் அளவு சுமார் 10 சதவீதம் கூடும். ஒரு ஹெட்லைட்டுக்குள் 10 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், 1 லிட்டர் வெளியே போக வேண்டும். விளக்கை அணைத்து ஆறவிட்டால் அதே 1 லிட்டர் திரும்ப உள்ளே வர வேண்டும். வழி இல்லாவிட்டால் அந்த அழுத்தம் முழுவதும் சீல் மேல் விழும். நாளடைவில் எங்காவது பிளந்துகொள்ளும்.

அதனால்தான் தயாரிப்பாளர்களே பின்பக்கம் காற்றுத் துளைகளை வைக்கிறார்கள். சில கார்களில் அது வளைந்த சின்ன ரப்பர் குழாய். சிலவற்றில் வட்டமான ஒரு சவ்வு. மழைக்கோட்டுத் துணி மாதிரி அது காற்றையும் ஆவியையும் விடும், தண்ணீரை விடாது.

காற்று உள்ளே வரும்போது அதில் கலந்திருக்கும் ஈரமும் சேர்ந்து வருகிறது. மழை பெய்து லென்ஸ் குளிர்ந்தவுடன், அந்த ஈரம் லென்ஸின் உள்பக்கம் படிகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே விஷயம்தான். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் படியத் தொடங்கிவிடும். நான்கு டிகிரி இறங்க ஒரு மழையோ ஒரு வாட்டர் வாஷோ போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். நம்முடைய 10 லிட்டர் ஹெட்லைட்டுக்குள் அப்படியானால் 0.24 கிராம். ராத்திரி 20 டிகிரிக்கு இறங்கும்போது அதே காற்றால் 0.17 கிராம்தான் தாங்க முடியும். மீதி 0.07 கிராம் தண்ணீராகப் படியும்.

0.07 கிராம் என்றால் எவ்வளவு? ஒன்றரைச் சொட்டு. அவ்வளவுதான். அதை 700 சதுர சென்டிமீட்டர் லென்ஸில் பரப்பினால், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்குத்தான் வரும். பார்க்க பயமாகத் தெரியும் அந்த வெள்ளை மங்கலில் இருப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர்தான்.

இதையே திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆவி மொத்தமும் தண்ணீராக மாறினாலும் கால் கிராம், ஐந்து சொட்டுதான் வரும். ஒரு டீஸ்பூன் தண்ணீர் 5 கிராம். ஆக, உங்கள் ஹெட்லைட்டின் அடியில் ஒரு டீஸ்பூன் அளவுக்குத் தண்ணீர் தேங்கி, வண்டியை ஆட்டினால் அலையடிக்கிறது என்றால், அது உள்ளே இருந்த காற்றில் இருந்து ஒரே ராத்திரியில் வந்திருக்க முடியாது. அதைவிட 20 மடங்கு தண்ணீர் அது. 'தினம் தினம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கலாமே' என்று கேட்கலாம். சேரும். ஆனால் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் ஆவியாகி வெளியேயும் போகும். சரியாக மூச்சு விடும் ஹெட்லைட்டில் அது குளமாகத் தேங்காது. தேங்கினால், மழை நேராக உள்ளே போகிறது, அல்லது காற்றுத் துளை அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுமே பழுதுதான்.

சர்வீஸ் சென்டரில் "நார்மல்" என்று சொன்னால், இந்தக் கணக்கை வைத்துப் பேசலாம்.

எல்இடி வந்தபிறகு ஏன் அதிகமாகத் தெரிகிறது?

"என் பழைய காரில் இப்படி வந்ததே இல்லை. இப்போ புது எல்இடி கார் வாங்கின பிறகுதான் இந்தத் தொல்லை" என்று சொல்பவர்கள் நிறைய. அது கற்பனை இல்லை. ஹாலஜன் பல்பு லோ பீமுக்கே 55 வாட் இழுக்கும். அதில் பெரும்பகுதி வெப்பமாக முன்பக்கம் வீசி லென்ஸைச் சூடாக்கும். அந்தச் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். எல்இடி அதில் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் ஓடும். அது உண்டாக்கும் வெப்பமும் பின்பக்கத்தில் இருக்கும் ஹீட் சிங்க் வழியாகப் போகிறது. லென்ஸ் குளிர்ச்சியாகவே இருப்பதால், படிந்த ஈரம் மெதுவாகத்தான் காயும்.

அதனால் எல்இடி ஹெட்லைட்டில் ஓரத்தில் லேசான மங்கல் இரண்டு நாள் இருந்தாலும் உடனே பதற வேண்டாம்.

எப்போது விடலாம், எப்போது விடக் கூடாது?

கவலைப்பட வேண்டாத அறிகுறிகள்:

• மெல்லிய, சீரான மங்கல். தனித்தனிச் சொட்டுகள் இல்லை.
• இரண்டு ஹெட்லைட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகிறது.
• விளக்கைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டினால் நடுப்பகுதி தெளியத் தொடங்குகிறது. ஒன்றிரண்டு வறண்ட நாட்களில் முழுவதும் போய்விடுகிறது.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள்:

• பெரிய சொட்டுகள், வழிந்த கோடுகள், அடியில் தேங்கிய தண்ணீர்.
• ஒரு பக்கம் மட்டும், ஒவ்வொரு மழைக்கும் திரும்பத் திரும்ப வருகிறது.
• நல்ல வெயில் அடித்தும் நாட்கணக்கில் போகவில்லை.
• காய்ந்த பிறகு உள்ளே வெள்ளையாகத் தண்ணீர்க் கறை, ரிஃப்ளெக்டரில் கறுப்புப் புள்ளி, அல்லது விளக்கு விட்டுவிட்டு எரிவது.

தரவு வேலை பார்ப்பவர்கள் எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வர மாட்டோம். இங்கே ஒப்பிட உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: மற்ற ஹெட்லைட். அதே ஊர், அதே மழை, அதே பார்க்கிங். அப்படியும் ஒன்று மட்டும் நனைகிறது என்றால், வானிலையைக் குறை சொல்ல முடியாது.

தண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

முதலில் பார்க்க வேண்டிய இடம் பின்பக்க மூடி. பல்பு மாற்றுவதற்காக ஹெட்லைட்டின் பின்னால் ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி இருக்கும். பல்பு மாற்றியவர் அதைச் சரியாக அழுத்தி மூடாவிட்டால், அந்த இடைவெளியே வாசல். வெளியில் வாங்கிய அதிக வெளிச்ச எல்இடி பல்பு மாட்டும்போது, அதன் ஃபேன் இடிக்கிறது என்று மூடியை வெட்டிவிடுவதும், திறந்தே விட்டுவிடுவதும் உண்டு.

என் காரிலேயே இது நடந்தது. பல்பு மாற்றிய அடுத்த மழையில் இருந்து வலது பக்கம் சொட்டுச் சொட்டாக நின்றது. மூன்று வாரம் 'தானா போயிடும்' என்று காத்திருந்தேன். ஒரு பட்டறையில் புது அசெம்பிளிக்கு எஸ்டிமேட்டும் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பின்பக்க ரப்பர் மூடியின் ஒரு ஓரம் மடிந்து உள்பக்கம் போயிருந்தது. சரிசெய்ய ஆன செலவு பூஜ்ஜியம். முதல் நாளே பார்த்திருக்கலாம்.

அடுத்த சந்தேகங்கள்: சின்ன மோதலில் விழுந்த கண்ணுக்குத் தெரியாத விரிசல், லென்ஸும் பின்பெட்டியும் சேரும் இடத்தில் விட்டுப்போன சீல், சேறோ பூச்சிக் கூடோ அடைத்த காற்றுத் துளை, பிரஷர் வாஷ். நெடுஞ்சாலையில் இருந்து நேராக வாட்டர் வாஷுக்கு விட்டால், சூடாக இருக்கும் ஹெட்லைட் சட்டென்று குளிர்ந்து வெளிக்காற்றை வேகமாக உறிஞ்சும். அந்த நேரத்தில் சீலில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும், காற்றோடு தண்ணீரும் போகும். கழுவுவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். பிரஷர் வாஷரை லென்ஸ் ஓரத்தில் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நீங்களே செய்யக்கூடியவை

1. விளக்கைப் போட்டு ஓட்டுங்கள். லோ பீமில் அரை மணி நேரம். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நின்றபடியே இன்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

2. பின்பக்க மூடியைப் பாருங்கள். விளக்கை அணைத்து, நன்றாக ஆறிய பிறகு. மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ரப்பர் வெடித்திருக்கிறதா, காற்றுக் குழாய் கழன்றிருக்கிறதா? ரப்பர் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

3. வறண்ட வெயில் நாளில் மூடியைத் திறந்து இரண்டு மூன்று மணி நேரம் காயவிடுங்கள். மழை நாளில் செய்து பயனில்லை, அதே ஈரக் காற்றுதான் மறுபடி உள்ளே போகும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், பின்பக்கத் திறப்பு வழியாகக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கலாம். திறப்பில் தூசி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. சிலிக்கா ஜெல் தற்காலிக உதவி மட்டுமே. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அது ஈரம் பிடிக்கும். 5 கிராம் பொட்டலம் ஏறக்குறைய ஒன்றரை கிராம். ஆனால் ஹெட்லைட் தினமும் புதுக் காற்றை இழுப்பதால் சீக்கிரம் நிறைந்துவிடும். போடுவதானால் பல்பின் சூடு படாத இடத்தில், நகராதபடி வைத்து, காய்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

பம்பரைக் கழற்றினால்தான் பின்பக்க மூடியே தெரியும் என்கிற கார்கள் உண்டு. உங்களுடையது அப்படி என்றால் இரண்டாவது படியில் இருந்து மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

சிலிகான் வாங்கி ஹெட்லைட்டைச் சுற்றி எல்லா இடத்திலும் பூசுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. காற்றுத் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரவே வழி இருக்காது. காயவைக்காமல் பூசினால் அது இன்னும் மோசம்.

அடியில் ஓட்டை போடுவதும் வேண்டாம். தேங்கிய தண்ணீர் வடியும், உண்மைதான். அடுத்த மழையில் அதே ஓட்டை வழியாகத் தண்ணீரும் தூசியும் வரும். வாரண்டியும் போய்விடும்.

உள்பக்கம் கம்பியில் துணி சுற்றித் துடைக்காதீர்கள். பல ஹெட்லைட்டுகளில் லென்ஸின் உள்பக்கம் மங்கல் படியாமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு உண்டு. ஆல்கஹாலோ கிளீனரோ பட்டால் அது போய்விடும். ரிஃப்ளெக்டரின் பளபளப்பும் மிக மெல்லிய அலுமினியப் படலம்தான். தேய்த்தால் உரியும். ஹீட் கன்னும் வேண்டாம், லென்ஸ் வளைந்துவிடும்.

இவ்வளவு பெரிய விஷயமா இது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நாளின் எந்த மூன்று மணி நேரத்தைவிடவும் மாலை 6 மணி முதல் 9 மணி வரைதான் விபத்துகள் அதிகம். மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆபீஸ் விட்டு நீங்கள் வீடு திரும்பும் நேரம் அதுதான். இதற்கெல்லாம் ஹெட்லைட் காரணம் என்று சொல்ல முடியாது. நெரிசலும் வேகமும் களைப்பும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் வெளிச்சம் குறைந்த நேரத்தில் நம்மிடம் இருக்கும் ஒரே கருவி அந்த விளக்குதான்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி என்றால், அதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 68 மீட்டர். நனைந்த ரோட்டில் இன்னும் கூடும். தெளிவான லோ பீம் இருட்டில் காட்டும் தூரமே ஏறக்குறைய இவ்வளவுதான். லென்ஸில் நிற்கும் ஒவ்வொரு சொட்டும் ஒரு குட்டி லென்ஸாகி வெளிச்சத்தைச் சிதறடித்தால், அந்தத் தூரம் இன்னும் குறையும்.

உங்கள் பிரச்னை மட்டும் இல்லை இது. லோ பீமுக்கு மேலே ஒரு எல்லைக்கோடு உண்டு, சுவரில் அடித்துப் பார்த்தால் தெரியும். எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் இருக்கத்தான் அந்தக் கோடு. சொட்டுகள் அந்தக் கோட்டைக் கலைத்து வெளிச்சத்தை மேலே தூக்கும். எதிரே பைக்கில் வருபவர் ஒரு நொடி குருடாவார்.

விட்டுவைத்தால் செலவும் கூடும். ஈரம் நின்றால் ரிஃப்ளெக்டர் மங்கும், கனெக்டர் துருப்பிடிக்கும், எல்இடியை இயக்கும் சர்க்யூட் பழுதாகும். பல எல்இடி ஹெட்லைட்டுகளில் பல்பு என்று தனியாக மாற்ற எதுவும் இல்லை, மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். சாதாரண காருக்குச் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும் இந்தச் செலவு, சொகுசு காரில் லட்சத்தைத் தாண்டும்.

வாரண்டி இருக்கும்போதே கேளுங்கள்

பல்பு தேய்மானப் பொருள் என்று வாரண்டியில் பெரும்பாலும் சேராது. ஹெட்லைட் அசெம்பிளி பெரும்பாலும் சேரும். உங்கள் வாரண்டி புத்தகத்தில் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். வெளியில் வாங்கிய பல்பு மாட்டியிருந்தால், அதைக் காரணம் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம்.

போவதற்கு முன் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள். தினமும் காலையில் இரண்டு ஹெட்லைட்டையும் ஒரே கோணத்தில் ஒரு போட்டோ. மழை பெய்ததா, விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது, எப்போது தெளிந்தது என்று ஒரு வரி. ஏழு நாள், பதினான்கு படம். "அடிக்கடி வருது" என்று வாயால் சொல்வதைவிட இது பேசும். புகாரை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "நார்மல்" என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி முடிந்த பிறகு பிரச்னை பெரிதானால், வாரண்டி காலத்திலேயே நீங்கள் சொன்னதற்கு அதுதான் சாட்சி.

மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சென்னையில் வாங்கிய காருக்கு புனேயில் புகார் கொடுக்க முடியும். பிரச்னை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

மோதலில் விரிசல் விட்டிருந்தால் இன்சூரன்ஸ் கேட்கலாம். ஆனால் முதலில் கணக்குப் பாருங்கள். ஜீரோ டெப் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். என்சிபி தள்ளுபடியும் பூஜ்ஜியத்துக்குப் போய், 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று மறுபடி முதலில் இருந்து ஏற வேண்டும். உங்கள் சொந்தச் சேத பிரீமியம் 10,000 ரூபாய், இப்போது 50 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் மாறாவிட்டால், ஒரு கிளெய்மால் அடுத்த ஐந்து ஆண்டில் 5,000, 3,000, 2,500, 1,500, 500 என மொத்தம் 12,500 ரூபாய் இழப்பீர்கள். கைக்கு வரும் தொகை அதைவிடக் குறைவு என்றால், கையில் இருந்து போட்டுவிடுவதே லாபம்.

நாளைக் காலை ஹெட்லைட் மங்கலாக இருந்தால், வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து பின்பக்க மூடியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் முதல் போட்டோவை எடுத்துவிட்டு ஆபீஸ் கிளம்புங்கள். ஒன்றரைச் சொட்டா, ஒரு டீஸ்பூனா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.